பிங் ஏறும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

நெட்டில் கேம் ஆடும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எல்லாமே லேக்தான், அதாவது இழுவை. சுட்ட குண்டு எதிராளி மேல் படவில்லையா, லேக். ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பத்தடி பின்னால் இழுபட்டானா, லேக். படம் விட்டுவிட்டு ஓடுகிறதா, லேக். ஆட்டமே அறுந்து முதல் திரையில் வந்து நிற்கிறதா, அதுவும் லேக். “எக்கா, ஸ்பீடு டெஸ்ட்ல நூறு காட்டுது. பொறவு ஏன்க்கா கேம்ல மட்டும் இழுக்கு?” என்று என்னிடம் கேட்காத பிள்ளை வீரவநல்லூரில் எங்கள் தெருவில் இல்லை. ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பகலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி வீட்டு வேலை ஒதுங்கிய பிறகு கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறேன். ஐந்து பேர் ஒரு அணியாக நின்று ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. நடுவில் ஒருத்தர் அறுந்து போனால் மிச்ச நாலு பேரும் ஆள் குறைவாக நின்று அடி வாங்க வேண்டும். அறுந்தவர் திரும்பி வராவிட்டால் அவருக்குத் தடையும் உண்டு. முதலில் அரை மணி நேரம், மறுபடி மறுபடி நடந்தால் ஒரு வாரம் வரைக்கும் ஏறும். கோபத்தில் வேண்டுமென்றே விட்டுப் போனவருக்கும் தெருமுனையில் வயர் அறுந்து போனவருக்கும் ஒரே தண்டனை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆட வீட்டில் அனுமதி வாங்கியிருக்கும் பிள்ளைக்கு அது பெரிய நஷ்டம். அதனால் இதை லேசான விஷயமாக நான் நினைப்பதில்லை.

கணக்கு எழுதும் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. குறித்து வைக்காத எண்ணை அது நம்பாது. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, மணி, பிங் (நெட்டில் தகவல் போய் வரும் நேரம்) எவ்வளவு, வயரா வைஃபையா, அந்த நேரம் வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மழையா காற்றா. ஆறு பத்திகள், அவ்வளவுதான். கீழே சொல்லப்போவதில் பாதி அந்த நோட்டு சொல்லிக் கொடுத்தது.

முதலில் நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத லேக்கை ஒதுக்கிவிடுவோம். போன் துப்பாக்கி ஆட்டமான பிஜிஎம்ஐ ஆடும்போது திரையிலேயே பிங் எண் தெரியும். அது 40, 45 என்று பச்சையாகவே நிற்கிறது, ஆனாலும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்றால் ரூட்டரைத் தொட வேண்டாம், போனைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் மச்சில் உட்கார்ந்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஆடினால் போன் கொதிக்கும். சூடு ஒரு அளவைத் தாண்டியதும் போனின் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவரைக் கழற்று, சார்ஜரை எடு, கிராபிக்ஸை ஒரு படி இறக்கு, கீழே பட்டாசாலைக்கு வந்து ஆடு. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் பையன்களில் நிறையப் பேருக்கு இதுதான் மருந்தாக இருந்தது.

இனி பிங். நம் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒரு சின்னத் தகவல் பொட்டலம், ஆட்டத்தை நடத்தும் தூரத்துக் கம்ப்யூட்டரான சர்வருக்குப் போய்ப் பதில் கொண்டுவர ஆகும் நேரம் அது. மில்லிசெகண்டில் சொல்வார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியென்றால் 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போக வர ஒரு மில்லிசெகண்ட். இந்தக் கூலியை யாரும் குறைக்க முடியாது, எந்தப் பிளானும் எந்த ஆப்பும் குறைக்காது. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ரோட்டு வழி 650 கிலோமீட்டர் வாக்கில் வரும். கேபிள் அதே தூரம் போனாலும் ஆறேழு மில்லிசெகண்ட் கட்டாயம் ஆகிவிடும். மும்பைக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல், ஆக 15-க்குக் குறையாது. வழியில் இருக்கும் கருவிகளும் சுற்றுப்பாதையும் அதற்கு மேல் சேரும். என் நோட்டில் நல்ல ராத்திரிகளில் சென்னை சர்வர் இருபது சொச்சம், மும்பை நாற்பது பக்கம், சிங்கப்பூர் அறுபது பக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் மட்டுமே சுமார் 3,200 கிலோமீட்டர். கடலைத் தாண்டிப் போய் வரவே 32 போய்விடுகிறது, 60 வருவதில் ஆச்சரியமில்லை.

அதனால் முதல் கேள்வி, எந்த ஊர் சர்வரில் ஆடுகிறீர்கள் என்பது. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது. அதே மாதிரி துப்பாக்கி ஆட்டமான வேலோரன்ட்டுக்கு மும்பையில். என் அண்ணன் குடும்பம் ஷார்ஜாவில் இருக்கிறது. அண்ணன் மகன் என்னோடு ஒரே அணியாகச் சேர்ந்து லாபி போட்டால் ஆட்டம் சில நேரம் துபாய் சர்வருக்குப் போய்விடும். அப்போது எனக்கு நூறைத் தொடும். “அத்தே, ஒங்க நெட்டு சரியில்ல” என்பான். நெட் சரியாகத்தான் இருக்கிறது, தூரம்தான் கூடிப்போச்சு. செட்டிங்கில் ஏற்றுக்கொள்ளக்கூடிய அதிகபட்ச பிங் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 80 வைத்துப் பாருங்கள். ஆட்டம் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் பக்கத்து சர்வர் கிடைக்கும்.

தெருப் பிள்ளைகள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நூறு காட்டும் நெட்டில் ஏன் இழுக்கிறது?

ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது பாதையின் அகலத்தை. ஆட்டத்துக்கு அந்த அகலம் தேவையில்லை. துப்பாக்கி ஆட்டங்கள் பெரும்பாலும் நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். அதற்கு வேண்டியது பொட்டலம் ஒவ்வொன்றும் ஒரே சீராக வந்து சேர்வது. ஸ்பீடு டெஸ்ட் தகவலை அனுப்பும் முறையில், தொலைந்து போன பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நூற்றில் ஒன்றிரண்டு தொலைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது, மொத்த வேகத்தில் அது மறைந்துவிடும். ஆட்டமோ பெரும்பாலும் யுடிபி என்ற முறையில் ஓடுகிறது. அதில் தொலைந்தது தொலைந்ததுதான். நீங்கள் திரும்பிய அந்த நொடியின் தகவல் அரை நொடி கழித்து வந்து யாருக்கும் பயனில்லை என்பதால் மறுபடி கேட்பதும் இல்லை.

பின்னால் இழுபடுவதற்கும் இதுதான் காரணம். குவேக் என்ற பழைய துப்பாக்கி ஆட்டத்தை ஆரம்ப காலத்தில் நெட்டில் ஆடினால், ஓடும் பட்டனை அழுத்திவிட்டு சர்வர் பதில் சொல்லும் வரை ஆள் நகராது. டயலப் காலத்தில் அது பெரிய கொடுமை. 1996-இல் அந்த ஆட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், குவேக்வேர்ல்ட் என்ற அதன் நெட் பதிப்பில் இதை மாற்றினார். நம் கம்ப்யூட்டர் பதிலுக்குக் காத்திருக்காமல், நாம் எங்கே போயிருப்போம் என்று தானே கணித்து உடனே நகர்த்திக் காட்டும். சர்வரின் பதில் வந்ததும் சரிபார்க்கும். பொட்டலங்கள் சீராக வந்தால் கணிப்பும் பதிலும் ஒத்துப்போகும், நமக்கு எதுவும் தெரியாது. நடுவில் நாலைந்து தொலைந்தால் நாம் ஓடியதாக இங்கே காட்டியது அங்கே பதிவாகியிருக்காது. அப்போது சர்வர் சொன்ன இடத்துக்கு ஆளைத் தூக்கி வைத்துவிடும். இன்றைக்கும் வேகமான ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. ஆகவே ஆள் இழுபடுகிறான் என்றால் சராசரி பிங்கைப் பார்க்காதீர்கள், இழப்பையும் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். ஆடாமல் அசையாமல் நிற்கும் 70-இல் நன்றாக ஆடலாம். 30-க்கும் 150-க்கும் துள்ளிக்கொண்டிருக்கும் நெட்டில் ஆட முடியாது.

எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை மட்டும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூன்று முறை திறந்து மூன்று சன்னல் வையுங்கள். முதல் சன்னலில் பிங் கட்டளையோடு உங்கள் ரூட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ஐபிகான்ஃபிக் அடித்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் தெரியும். மூன்றாவதில் கூகுளின் பொது முகவரியான 8.8.8.8. நடுச் சன்னலுக்கு, ட்ரேசர்ட் என்ற கட்டளையை அதே 8.8.8.8-க்கு ஒருமுறை ஓட்டி, உங்கள் ரூட்டருக்கு அடுத்த வரியில் வரும் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெட் கொடுப்பவரின் முதல் வாசல். மூன்றிலும் கட்டளையின் கடைசியில் ஹைஃபன் போட்டு டி என்ற எழுத்தைச் சேர்த்தால் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு ஆடப் போங்கள். ஆள் இழுபட்ட அந்தக் கணம் ஆல்ட்-டேப் அடித்து வந்து பாருங்கள். எந்தச் சன்னலில் எண் முதலில் துள்ளியிருக்கிறதோ, நோய் அங்கேதான்.

ரூட்டர் சன்னலே துள்ளினால் வெளியே யாரையும் குறை சொல்ல வேண்டாம், வீட்டுக்குள் இருக்கிறது. வயரில் அது ஒரு மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும், நல்ல வைஃபையில் இரண்டு மூன்று.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. தார்சா, பட்டாசாலை, அதற்குப் பின்னால் ஒரு அறை, அடுக்களை, புறவாசல். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். உள்சுவர்கள் சுண்ணாம்புக் காரை, கை முழத்துக்கு மேல் கனம். நெட்காரர் வந்து கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே, வாசல் பக்கம் இ.பி. மீட்டருக்குக் கீழே ரூட்டரை அடித்துவிட்டுப் போவார். இல்லாவிட்டால் டிவிக்குப் பின்னால். சில வீடுகளில் இரும்பு பீரோ மேல். ஆடுகிற பிள்ளை மச்சில் இருப்பான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, கூட்டமும் குறைவு, ஆனால் அந்தக் காரைச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். 2.4 தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒட்டிய வீடுகளில் பத்து ரூட்டர்கள் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசைப் பக்கம்தான். போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்து, காலியாக இருக்கும் சேனலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அது பாதி நிவாரணம்.

முழு நிவாரணம் லேன் வயர். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் புதுப் பிளானுக்கும் கேமிங் ரூட்டருக்கும் செலவழிப்பதற்கு முன்னால் கேட் 6 வயர் வாங்கி ரூட்டரிலிருந்து மச்சு வரைக்கும் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும், அவ்வளவு நீள வீடு யாருக்கும் இல்லை. வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர் விலை குறைவாக வரும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதை வாங்காதீர்கள். மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் எட்டு இழையில் ஏதோ ஒன்று சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் 100-க்கு நாலு இழை போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். வயர் முனையில் பிளக்கை கிரிம்ப் அடித்தவர் விட்டிருப்பார், இல்லை என்றால் பரணில் எலி பார்த்திருக்கும். போனில் ஆடுகிறவர்களுக்கு அதே வயரை மச்சுக்குக் கொண்டுபோய் அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்தால் போதும். காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத் தவிருங்கள். சிக்னல் கோடு நாலும் காட்டும், பிங் துள்ளும்.

ரூட்டர் சன்னல் சுத்தம், நடுச் சன்னல் துள்ளுகிறது என்றால் அதிலும் சில வகை இருக்கிறது. எந்த நேரத்தில் துள்ளுகிறது என்பதுதான் வகையைப் பிரிக்கும். இங்கேதான் நோட்டு உதவும்.

என் நோட்டில் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு 25 இருந்த பிங் 300-க்கு ஏறி, கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். தினமும் இல்லை, ஆனால் பெரும்பாலான நாள். வெள்ளிக்கிழமை மட்டும் வேறு நேரம். அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பிடிபட்டது. இங்கே ஒன்பது என்றால் ஷார்ஜாவில் ஏழரை. அண்ணன் வேலை முடிந்து அறைக்கு வந்து, வீட்டுக் கேமராவைப் போனில் திறக்கிற நேரம். அம்மை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதையும் புறவாசலில் நடமாடுவதையும் அவன் அங்கிருந்து பார்ப்பான். நாலு கேமராவின் முழுப் படமும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும். எங்கள் பிளானில் இறங்கும் வேகம்தான் பெரிசு, ஏறும் வேகம் சின்னது. ஏறும் பாதை நிறைந்ததும் ரூட்டர் மிச்சத்தை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. என் ஆட்டப் பொட்டலம் துளியூண்டு. கல்யாண வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வந்தவனையும் பந்தி முடிகிற வரைக்கும் வாசலில் நிற்க வைத்தது போல, அதுவும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு நெட்டிலேயே இதைக் கவனித்து ஊரறியச் செய்தார். கருவி செய்கிறவர்கள் ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்று வரிசைக்கு இடத்தைக் கூட்டிக்கொண்டே போனதால் வந்த கேடு. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள். வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து, தேங்கினால் உடனே அனுப்புகிறவருக்கு உணர்த்திவிடும் முறை. அதன் அடுத்த படிகள் எஃப்க்யூ-கோடெல், கேக். இவை ஒவ்வொருவரின் ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாக்கி, சின்ன ஓட்டத்தைச் சீக்கிரம் விடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போடக்கூடிய ரூட்டர் இருந்தால் அதில் எஸ்க்யூஎம் என்ற பகுதியில் இது கிடைக்கும். உங்கள் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சமாக வையுங்கள். பத்துப் பதினைந்து சதவீத வேகம் போகும், பதிலுக்கு வரிசை நம் வீட்டு ரூட்டரின் கைக்குள் வந்துவிடும். இந்த வியாபாரம் எனக்கு எப்போதும் லாபம்தான்.

கம்பெனி கொடுத்த ரூட்டரில் இதெல்லாம் இருக்காது. அப்போது வரிசையை நிறைப்பது யார் என்று பார்த்து அதைச் சுருக்க வேண்டும். அண்ணனிடம் சொன்னதும் அவன் பதறிவிட்டான். “ஏட்டி, அப்பம் நான் கேமராவ பாக்காம இருக்கட்டுமா?” “வேண்டாம்ணே, நீ பாரு. தரத்த மட்டும் கொறச்சி வச்சிருக்கேன். அம்மை மொகம் தெரியுதா சொல்லு.” தெரிந்தது. கேமராப் பெட்டியில் சப்ஸ்ட்ரீம் என்று சின்னப் படம் ஒன்று தனியாக இருக்கும், போனில் பார்ப்பதற்கு அது தாராளம். போட்டோக்களை கூகுளில் ஏற்றும் பேக்கப், விண்டோஸ் அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களுக்கு நம் செலவில் அனுப்பும் டெலிவரி ஆப்டிமைசேஷன், இவையும் ஏறும் பாதையை நிறைப்பவைதான். முன்னதைச் சார்ஜ் போட்டுத் தூங்கும் நேரத்துக்கு விடுங்கள், பின்னதை அணைத்துவிடுங்கள்.

வீட்டில் யாரும் எதுவும் ஏற்றவில்லை, ஆனாலும் மழை வந்தால் அறுகிறது என்றால் இழையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வரும் ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் அளவைச் சொல்லும் ஒரு எண் இருக்கும், டிபிஎம் கணக்கில், மைனஸில். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெரும்பாலான பெட்டிகளுக்குக் கண் தெரியாது. இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அதனால் மைனஸ் 21 இருந்தது மைனஸ் 27 ஆனால் கால்வாசி வெளிச்சம்தான் மிச்சம். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே இந்த எண் நமக்குச் சொல்லிவிடும். எங்கள் எதிர் வீட்டில் கேபிளைச் சன்னல் வழியாகக் கொண்டுவந்து, கதவை அதன் மேலேயே சாத்துவார்கள். மழை நேரம் சாத்தும்போதெல்லாம் அறுந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு துளை போட்டு வளைவில்லாமல் எடுத்ததும் நின்றது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் குரங்கு தொங்கி வளைக்கிறது, பனைமட்டை விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களே மூழ்கிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, ஆட்டத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஆனால் தண்ணீரில் கிடந்த ஜாயின்ட் பெட்டிகள் அதற்குப் பிறகு பல மாதம் கழித்தும் படுத்தின. முன்னும் பின்னும் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனம்: கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். முனையை விரலாலும் தொடாதீர்கள், ஒரு தூசி போதும் ஒளியை மறைக்க.

ஆனி ஆடிக் காற்றில் கரண்ட் சிமிட்டும். விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு எரியும், ஃபைபர் பெட்டி அந்த ஒரு கண்ணடிப்பில் அணைந்து மறுபடி எழுந்துவர ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் இருந்தும் அறுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இதுதான். மாறும் அந்தக் கண நேர இடைவெளி போதும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று பெட்டிக்கும் ரூட்டருக்கும் போட்டுவிடுங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குப் பிறகும் கரண்ட் போனால் நெட் போகிறது என்றால் தெருக் கம்பத்தில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு பேட்டரி இல்லை. ஜிபான் என்ற புது முறையில் இழையைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, பழைய முறையில் கம்பத்துக்குக் கம்பம் தேவை. உங்கள் கேபிள்காரரிடம் எந்த முறை என்று கேட்டு வையுங்கள்.

இது எதுவும் இல்லாமல், தெருவில் எல்லோருக்கும் ராத்திரி எட்டரை முதல் பதினொன்று வரை ஒரே மாதிரி ஏறினால், நெட் கொடுப்பவர் மேலே வாங்கும் பாதை போதவில்லை என்று அர்த்தம். எங்கள் கேபிள்கார அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் போன் செய்தால், “தங்கச்சி, எங்க பக்கம் கிளியராத்தான் இருக்கு, ரூட்டர ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார். அவர் மேலும் தப்பில்லை, நூறு பேர் நூறு விதமாகச் சொன்னால் அவர் எதை நம்புவார்? நோட்டில் அந்த வாரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ரூட்டர் வரை ஒரு மில்லிசெகண்ட், அவருடைய முதல் வாசலில் 120, காலையில் அதே வாசலில் 4. எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளையும் அதே நேரம் எடுக்கச் சொல்லி அதையும் சேர்த்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். “நீங்க சொன்னது சரிதாம்மா, சாயங்காலம் ஃபுல்லாகுது. மேல பேசி லைன கூட்டச் சொல்லியிருக்கேன்.” கூட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாருக்கு நெட் பிரச்சினை என்றாலும் அண்ணாச்சி முதலில் கேட்பது, “படம் எடுத்தியளா?”

மூன்றாவது சன்னல் மட்டும் துள்ளினால் வழி நீண்டிருக்கலாம். ட்ரேசர்ட்டில் நடு வரி ஒன்றில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள். பல கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தாழ்ந்த வேலையாக வைத்திருக்கும். இழப்பு அந்த வரியிலிருந்து தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால்தான் அது நிஜம். மும்பைக்குப் போக வேண்டியது நடுவில் சட்டென்று 60, 70 என்று ஏறி அப்படியே நின்றால், சிங்கப்பூர் மாதிரி வெளியூர் போய்த் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். இந்த ஒரு நிலையில் மட்டும் நல்ல விபிஎன் உதவும், வேறு வழியாகக் கூட்டிப் போவதால். மற்ற நேரத்தில் அது சுற்றுதான். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். டிஎன்எஸ் பெயரைக் கேட்டு முகவரி சொல்லும், ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு அங்கே வேலையில்லை. போன் பூஸ்டர் ஆப்புகளுக்கும் அதே பதில்.

கடைசியாக, மைன்கிராஃப்ட் பிள்ளைகளுக்கு. ஒருத்தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உலகத்தைத் திறந்து வைத்து, மற்றவர்கள் அதில் நுழைய வேண்டும். ஆட்டத்துக்கான வாசல் எண்ணான போர்ட் 25565-ஐ ரூட்டரில் திறந்தும் யாரும் நுழைய முடியவில்லை என்று வருவார்கள். ரூட்டரின் வான் (WAN) பக்கத்தில், அதாவது வெளி நெட்டைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் அது உங்களுக்கு மட்டுமான முகவரி இல்லை. ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் தீர்ந்துகொண்டு வந்ததால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கவென்றே 2012-இல் ஒதுக்கிய தொகுதி அது. நீங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலும் தெருக்கதவு நெட்காரர் கையில் இருக்கிறது. மாதத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து நிலையான முகவரி கேட்கலாம். இல்லையென்றால் இரண்டு வீட்டிலும் ஐபிவி6 என்ற புது முறை முகவரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செலவில்லாமல் முடியும். ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு. ரூட்டரின் காவல் சுவரான ஃபயர்வாலில் அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள். நுழையவில்லை என்பதற்காக மொத்த ஃபயர்வாலையும் அணைத்துவிடாதீர்கள். அதே ரூட்டரில் வீட்டுக் கேமராவும் இருக்கிறது.